சிவப்புக் கொழுவி

குற்றப்பத்திரத்தின் மூன்றாவது வரியில் "இழுத்த கயிறு அறுந்ததன் காரணமாக" என்று இருந்தது. அந்த வரியை நானும் இரண்டு தவணைகள் கேள்வியில்லாமல் வாசித்துவிட்டுப் போயிருக்கிறேன். சேற்றில் புதைந்த வாகனத்தை உழவு இயந்திரம் இழுத்தது, கயிறு அறுந்தது, பக்கத்தில் நின்ற பெடியன் செத்தான். சொன்னால் யாருக்கும் உடனே விளங்குகிறது. உடனே விளங்கிவிடுகிற ஒன்றை இன்னொருமுறை பார்க்க வேண்டும் என்று சட்டத்தரணிக்குக்கூடத் தோன்றுவதில்லை. மூன்றாம் தவணைக்கு முதல் நாள், வேறொரு வழக்கின் தடயத்தைப் பார்ப்பதற்காகத் திருகோணமலை நீதிமன்றத்தின் வழக்குப்பொருள் அறைக்குப் போயிருந்தேன். மூலையில் அந்தக் கயிறு சுருண்டு கிடந்தது. பச்சை நைலோன், இரண்டு பெருவிரல் பருமன், கப்பல் கட்டிக் கழித்த பழைய கயிறு. கை சும்மா இருக்கவில்லை, அறுந்த முனையைத் தேடினேன். முழுக் கயிற்றையும் சுற்றுப் பிரித்துப் பார்த்தும் அறுந்த இடம் என்று ஒன்று இல்லை. ஒரு முனை ஒழுங்காக அவிழ்க்கப்பட்டிருந்தது. மறு முனையில் சிவப்பு வர்ணம் பூசிய இரும்புக் கொழுவி ஒன்று, கட்டிய முடிச்சு கட்டியபடியே இருந்தது. கொழுவியின் அடியில் இரண்டு போல்ட்டுகள், அவற்றின் நட்டும் கழலாமல். நட்டுக்கு அடியில் இருந்த வாஷர் மட்டும் சின்னக் கிண்ணம்போலக் குழிந்திருந்தது.

எதிரி திரியாய்க்காரர். ஐம்பது வயதைத் தாண்டிய விவசாயி, பழைய மெசி உழவு இயந்திரம் ஒன்றின் சொந்தக்காரர். திரியாய் என்றால் திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி எல்லாம் கடந்து நாற்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்கே போக வேண்டும். 1985இல் எரிந்து இடம்பெயர்ந்த ஊர். யுத்தம் ஓய்ந்து சனம் திரும்பி வந்தபோது வயல் காடாகியிருந்தது, வாய்க்கால் தூர்ந்திருந்தது, வரம்புப் பாதைகள் எங்கே போயின என்று கிழவர்களைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதைச் சீராக்கவென்று ஒப்பந்தக் கம்பனிகள் வந்தன, அவற்றின் வாகனங்கள் வந்தன, மாரியில் அவை புதைந்தன. புதைந்தால் உழவு இயந்திரம் வைத்திருக்கிறவரைத் தேடி வருவார்கள். இவர் காசு வாங்குவதில்லை. "பாதை போடத்தானே வந்திருக்கிறாங்கள்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அன்றைக்குப் புதைந்தது ஒரு கம்பனியின் டபுள் கெப். பின்னால் சீமெந்து மூட்டைகள். நான்கு சில்லும் அச்சுவரை உள்ளே. இவர் தன் மருமகனையும் ஏற்றிக்கொண்டு போனார்; தங்கையின் மகன், பத்தொன்பது வயது, தகப்பன் இல்லாத பிள்ளை. கயிற்றின் ஒரு முனையை இவர் தன் இயந்திரத்தின் பின்னால், தாழ இருக்கும் இழுவைச் சட்டத்தில் கட்டினார். உயரத்தில் கட்டி இழுத்தால் உழவு இயந்திரம் முன்சில்லைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகக் கவிழும் என்பது அவருக்குத் தெரியும். அதில் செத்தவர்களையும் அவருக்குத் தெரியும். மறு முனையை எங்கே கட்டுவது என்று கெப் சாரதியிடம் கேட்டார். கெப்பின் முன்னால் பளபளக்கும் பெரிய இரும்பு பம்பர், அதன் நடுவில் சிவப்புக் கொழுவி. சாரதி அதைக் காட்டினார். இரண்டு தடவை மெதுவாக இழுத்தார்கள், அசையவில்லை. மூன்றாம் தடவை கயிற்றைச் சற்றுத் தொய்யவிட்டு ஓடி இழுத்தார். இயந்திரச் சத்தத்தில் பின்னால் நடப்பது கேட்காது என்பதால், நிலைமையைப் பார்த்துச் சொல்லவென்று பெடியன் பின்சில்லின் அருகே, கயிறு வரும் பக்கம் பார்த்தபடி நின்றான். இறுகி நீண்ட நைலோன் கயிறு ஒரு முனை விடுபட்டால் மறு முனையை நோக்கித்தான் பாயும். கொழுவியும் அதோடு பாய்ந்தது. மாமனுக்கு ஒரு கீறல் இல்லை.

பொலிஸார் இழுத்தவரைப் பிடித்தார்கள். அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. ஒரு சாவு நடந்திருக்கிறது, கடைசியாக ஒரு செயலைச் செய்தவர் கண்முன்னே நிற்கிறார். எங்கள் தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனமான அல்லது அவசரமான செயலால் மரணம் விளைவிப்பதை ஐந்து வருடம்வரை சிறை வைக்கக்கூடிய குற்றமாக ஆக்குகிறது. நடைமுறையில் இப்படிப்பட்ட வழக்குகளில் ஆள் குற்றத்தை ஒப்புக்கொண்டால், முன்குற்றம் இல்லாதவர் என்றால், தண்டப்பணமும் ஒத்திவைக்கப்பட்ட சிறையுமாக அரைமணியில் முடிந்துவிடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் சாட்சி, தவணை, இன்னொரு தவணை. அதனால் நிரபராதிகள் பலர் தங்கள் வயலையும் நாட்கூலியையும் எண்ணிப் பார்த்துக் குற்றவாளிகளாகிப் போவதை நான் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். சில தடவை அப்படிச் செய்யச் சொல்லி நானே ஆலோசனையும் சொல்லியிருக்கிறேன்.

இவரும் அதற்குத்தான் வந்தார். "ஐயா, நான்தானே இழுத்தனான். ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாறன். வெள்ளாண்மை வெட்டக் கிடக்கு."

எனக்குக் கொழுவி கண்ணில் நின்றது. "அண்ணை, நீங்கள் ஓம் எண்டு சொன்னால், கெப்புக்காரர் பிறகு ஒண்டுக்கும் பதில் சொல்லத் தேவையில்லை" என்றேன். அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. அப்போது இன்னொன்றைச் சொன்னேன். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைக் கோவையில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: ஒருவரைக் குற்றவாளியாகக் காணும் நீதிமன்றம், அந்தக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும்படி அவருக்கே கட்டளையிடலாம். தனியாகச் சிவில் வழக்குப் போட வசதியில்லாத ஏழைகளை நினைத்து எழுதிய ஏற்பாடு அது. ஆனால் இந்த வழக்கில் பாதிக்கப்பட்டவர் அவருடைய தங்கை. சட்டம் அந்தத் தாய்க்கு எதையாவது வாங்கிக் கொடுப்பதென்றால் அண்ணனின் பையிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கும். அவர் கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவளுக்கு நான் குடுக்கிறது வேற, கோடு சொல்லிக் குடுக்கிறது வேற" என்றார். விளக்கத்துக்குப் போகச் சம்மதித்தார்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கொழுவி விஷயத்தை நான் படிக்கத் தொடங்கினேன். சட்டப் புத்தகத்தில் அல்ல. தெரிந்த கராச்சில் அதே இனக் கெப் ஒன்று வேலைக்கு வந்திருந்தது. கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சாக்கு ஒன்றை விரித்து, மெக்கானிக்கோடு வாகனத்துக்கு அடியில் படுத்தேன். அவர் டோர்ச் அடித்துக் காட்டக் காட்ட எனக்குப் புரிந்தது இதுதான். வாகனத்தின் முதுகெலும்பு சேசி, அதாவது நீளமாக ஓடும் இரண்டு தடித்த இரும்புச் சட்டங்கள். எஞ்சின், சில்லு, சுமை எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. முன்னால் இருக்கிற பம்பர் வேறு சாமான். அது மோதலைத் தாங்க அல்லது அழகு காட்ட; மெல்லிய தகட்டில் செய்து நாலு இடத்தில் பூட்டிவைப்பது. பம்பரில் பூட்டிய கொழுவி எவ்வளவு பெலமானதானாலும் அதன் பெலம் அந்தத் தகட்டின் பெலம்தான்.

"அப்ப கீழ இருக்கிற இந்த வளையம்?" என்று கேட்டேன். விரல் பருமனில் வளைத்த கம்பி ஒன்று சேசியில் இருந்தது.

"அது கப்பல்ல ஏத்தேக்க வாகனம் உருளாமல் கட்டிறதுக்கு, ஐயா. சமதரையில நிண்டுபோன வாகனத்தை மெதுவா இழுக்கவும் காணும். சேத்தில புதைஞ்சதை இழுத்தால் நிமிர்ந்துபோம்."

புதைந்த வாகனத்தை இழுக்க முன்பக்கப் பிடி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். தடித்த இரும்பில் செய்து, சேசிச் சட்டத்தின் பக்கவாட்டில் அணைத்து, பல உறுதி போல்ட்டுகள் போட்டுப் பூட்ட வேண்டும். இழுக்கும்போது போல்ட் துளையை விட்டுப் பிடுங்கப்படுகிற மாதிரி இல்லாமல் குறுக்கே நின்று தாங்குகிற மாதிரி இருக்க வேண்டும். ஒன்றல்ல, இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒரு பட்டியால் இணைத்து அதன் நடுவில் இழுத்தால் பாரம் பங்கிடப்படும், ஒரு பக்கச் சேசி மட்டும் வளையாது. எவ்வளவு பாரம் தாங்கும் என்று பொறித்திருக்க வேண்டும், அந்த எண் கொழுவிக்கு மட்டுமானதா, பூட்டிய முழு அமைப்புக்குமானதா என்று கேட்டு வாங்க வேண்டும். பின்னால் பெட்டி பூட்டுகிற குண்டில் ஒருநாளும் கயிறு மாட்டக்கூடாது. அது உருண்டு வரும் பெட்டியை இழுக்கச் செய்தது, வெட்டி இழுக்கிற அதிர்ச்சிக்குச் செய்ததல்ல. அவுஸ்திரேலியாவில் இந்தக் குண்டு பிய்ந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். அங்கே இழுவைப் பட்டிகளுக்கென்றே கட்டாயப் பாதுகாப்பு விதி இருக்கிறது: பட்டி எவ்வளவில் அறும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும், அந்த அளவு இரண்டு வாகனங்களில் பாரம் குறைந்ததன் முழுச்சுமை எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்குக்குள் இருக்க வேண்டும் என்று அங்கு சொல்லப்படுகிறது. இது நான் பிற்பாடு வாசித்தது. எங்கள் நாட்டில் லாண்ட்ரோவர் பிரியர்கள் 'ஜேற் வளையம்' என்று ஒன்றைப் பெருமையாகப் பூட்டுவார்கள்; அதுகூடப் பிரித்தானிய இராணுவம் வாகனங்களை விமானத்தில் ஏற்றிக் கட்டுவதற்காக வந்த சாமான்தான். கட்டி வைக்கிற பிடியும் பிடுங்கி எடுக்கிற பிடியும் ஒன்றல்ல என்பது பார்த்தால் தெரிவதில்லை. என் கட்சிக்காரருக்கும் தெரியவில்லை, தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவும் முடியாது.

விளக்கத்தில் முதல் தடுமாற்றம் ஓர் எண்ணால் வந்தது. பொலிஸ் குறிப்பில் கொழுவியில் "10,000 கிலோ" என்று பொறித்திருப்பதாக எழுதியிருந்தார்கள். இதை வைத்து வழக்கை நடத்திய அதிகாரி நன்றாகவே வாதாடினார்: பத்துத் தொன் தாங்கும் கொழுவியைப் பிய்த்தெடுக்கிற அளவுக்கு எதிரி இழுத்திருக்கிறார் என்றால், அது என்ன அசுர வேகம்? நீதவான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொழுவியை எடுத்துத் தரும்படி கேட்டு, மேசையில் வைத்து, அதிகாரியையே அருகே வந்து வாசிக்கச் சொன்னேன். எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள், எல், பீ. இறாத்தல். பத்தாயிரம் இறாத்தல் என்றால் நாலரைத் தொன். சுமையோடு அச்சுவரை புதைந்த கெப்பைச் சேறு விடாமல் பிடிக்கிற பிடிக்கு நாலரைத் தொன் ஒன்றும் பெரிய கணக்கில்லை. அதைவிட முக்கியமானதை அடுத்துக் கேட்டேன்: "இந்தக் கொழுவி எங்கே உடைந்திருக்கிறது?" அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உடையேல்ல." "போல்ட்?" "உடையேல்ல." "கயிறு?" பதிலுக்கு நேரம் எடுத்தது. "அறுகேல்ல." குற்றப்பத்திரத்தின் மூன்றாவது வரி அந்த இடத்தில் விழுந்தது.

ஆனால் ஒரு வரி விழுந்ததால் வழக்கு விழுந்துவிடாது. மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கை கெப்புக்குச் சாதகமாக இருந்தது: பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, ரயர் சரி. கொழுவியைப் பற்றியோ பம்பரைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. கேட்டபோது, தன்னிடம் கேட்கப்பட்ட விடயங்களுக்குத் தான் பதில் எழுதியதாகச் சொன்னார். அவர் நேர்மையானவர். படிவம் ஓடுகிற வாகனத்தை நினைத்து உண்டானது. நின்றுபோன வாகனத்தாலும் ஆள் சாகலாம் என்பதற்கு அதில் பெட்டி இல்லை.

கம்பனியின் அலுவலர் ஒருவர் வாகனத்தின் உரிமையை உறுதிப்படுத்த மட்டும் அழைக்கப்பட்டார். கம்பனிக்காகக் கொழும்பிலிருந்து வந்த சட்டத்தரணி பின்வரிசையில் கவனித்துக்கொண்டிருந்தார். பேசும் உரிமை அவருக்கில்லை, ஆனால் பேனாவை மூடித் திறந்துகொண்டேயிருந்தார். பம்பர் வாகனத்தோடு வந்ததா என்று கேட்டேன். இல்லை, பிறகு வாகன அலங்காரக் கடை ஒன்றில் பூட்டியது. கொழுவி? பம்பரோடு வந்தது. எதற்கு? "தோற்றத்துக்கு." அந்தப் பதிலை அவருக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது புத்திசாலித்தனமான பதில், இழுக்கவென்று பூட்டாத பொருளை இழுத்தது இழுத்தவர் பிழை என்று அடுத்த படியில் சொல்லலாம். நான் நிறத்துக்குப் போனேன். பம்பர் வெள்ளி நிறம், வாகனம் வெள்ளை, கொழுவி மட்டும் ஏன் சிவப்பு? அவருக்குத் தெரியவில்லை. உலகம் முழுவதும் இழுவைப் பிடிக்குச் சிவப்போ மஞ்சளோ பூசுவது, அவசரத்தில் வருகிற அந்நியன் கண்ணுக்கு "இங்கே மாட்டு" என்று சொல்வதற்காகத்தான். ஓட்டப் பந்தயக் கார்களில் அது விதியே. தோற்றத்துக்காக ஒரு கதவை வரைந்து வைத்தவர், அதைத் திறக்கப்போய் மூக்குடைந்தவனைப் பார்த்து "அது சுவர்" என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். நீதவான் சிரிக்கவில்லை, ஆனால் எழுதினார்.

கயிற்றின் பாய்ச்சலை நீதிமன்றத்துக்கு விளக்கப் பொறியியலாளரைக் கொண்டுவரக் காசில்லை. திருகோணமலையில் அதற்கு வேறு வழி இருக்கிறது. துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கப்பல் கட்டிய ஒரு ஓய்வுபெற்ற தண்டையலைச் சாட்சியாகக் கூப்பிட்டேன். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. மறுதரப்பு எழுந்து, இவர் எப்படி நிபுணர் என்று கேட்டது. 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, விஞ்ஞானத்திலோ கலையிலோ விசேட தேர்ச்சி பெற்றவரின் அபிப்பிராயத்தை ஏற்கிறது; தேர்ச்சி எங்கே பெற்றார் என்று அது கேட்பதில்லை, பட்டம் கேட்பதுமில்லை. நீதவான் அனுமதித்தார். கிழவர் கூண்டில் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்: நைலோன் கயிறு றப்பர்போல நீளும், நீள நீள உள்ளுக்குள் கோபத்தைச் சேர்க்கும், விட்டால் கண் மூடித் திறக்கமுதல் வந்துவிடும். இறுகின கயிற்றின் நேரே யாரும் நிற்கக்கூடாது என்பது துறைமுகத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. "வயலில?" என்று கேட்டது மறுதரப்பு. "வயலில ஆர் சொல்லிக் குடுக்கிறது, ஐயா? அங்க மணிலாக் கயிறுதானே இருந்தது. அது அறுந்தால் விழும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. துறைமுகத்தில் கழித்த நைலோன் வயலுக்கு வந்தது, அதன் குணம் பற்றிய அறிவு கூட வரவில்லை.

என் தரப்பில் ஒரு பலவீனம் இருந்தது. அவர் ஓடி இழுத்தார். வேகம் இரட்டித்தால் கயிற்றில் சேரும் சக்தி நான்கு மடங்காகும். தண்டையலின் "கோபம்" என்ற சொல்லுக்குக் கணக்கு அதுதான். குற்றம் சாட்டப்பட்டவர் மௌனமாக இருக்கலாம், கூண்டிலிருந்து கூற்று மட்டும் சொல்லலாம், அல்லது சாட்சியம் சொல்லிக் குறுக்கு விசாரணைக்கு முகங்கொடுக்கலாம். மௌனம்தான் நல்லது என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. சாட்சிக் கூண்டில் ஏறி, மூன்றாம் முறை இரண்டு பாகம் பின்னால் வந்து ஓடி இழுத்ததாகவும், சாரதி கைகாட்டியதாகவும், கைகாட்டாவிட்டாலும் தான் அப்படித்தான் இழுத்திருப்பார் என்றும் சொன்னார். கடைசித் துண்டு தேவையே இல்லாதது. பின்வரிசைச் சட்டத்தரணியின் பேனா ஓடியது. கெப் சாரதியோ, பாவம், நாட்சம்பளக்காரன், கொழுவியைத் தான் காட்டியதை இரண்டு தடவை மறுத்து மூன்றாம் தடவை ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டபோது அவன் பார்த்தது என்னையல்ல, கம்பனி அலுவலரை.

நீதவான் விடுதலை செய்தார். அவருடைய நியாயம் தெளிவானது: கவனயீனம் என்பது விளைவை வைத்து அளப்பதல்ல, அந்த இடத்தில் நின்ற சாதாரண விவேகமுள்ள மனிதனின் கண்ணை வைத்து அளப்பது. வாகனத்துக்குப் பொறுப்பானவரே காட்டிய, இழுக்கவென்று நிறம் பூசிய கொழுவியின் பின்னால் மெல்லிய தகடுதான் இருக்கிறது என்று வெளியில் நின்றவர் அறிய வழியில்லை. ஓடி இழுத்தது அந்தப் பகுதியில் எல்லோரும் செய்வது. தகட்டில் கொழுவியைப் பூட்டியவரும் பூட்டச் சொன்னவரும் தன் முன்னால் இல்லை என்று ஒரு வரி எழுதியிருந்தார். அதற்கு மேல் அவரால் எழுத முடியாது.

பெடியனின் தாய் ஒவ்வொரு தவணைக்கும் அண்ணனோடு வந்து நீதிமன்ற விறாந்தையின் வாங்கில் இருப்பார். விடிய முதல் பஸ்ஸில் வந்து பின்னேரம் போவார்கள். ஒரு தவணையும் அவர் தவறவிட்டதாக ஞாபகமில்லை. தீர்ப்பன்று என்னிடம் வந்து, "அண்ணையை விட்டாச்சு. இனி கெப்புக்காரரைக் கேக்கலாம்தானே, ஐயா?" என்றார்.

நான் டயறியை எடுத்தேன். எடுக்கும்போதே தெரியும். உரோமன் டச்சுச் சட்டப்படி கவனயீனத்துக்கு இழப்பீடு கேட்கும் வழக்கை, 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம் சொல்கிறபடி, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். குற்றவியல் வழக்கு நடக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. ஆனால் எங்கள் சனம் முழுக்க நம்புவது, முதலில் பொலிஸ் வழக்கு முடியட்டும், பிறகு நட்டஈடு கேட்கலாம் என்பது. நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. ஒன்று முடிந்தால்தான் மற்றதற்கு ஆதாரம் கிடைக்கும் என்பது நியாயமாகப் படுகிறது. விபத்து நடந்து இரண்டு வருடமும் ஐந்து மாதமும் ஆகியிருந்தது. நான் கொழுவியைப் பற்றிப் படித்த ஒவ்வொன்றும், அலுவலரிடம் வாங்கிய ஒவ்வொரு பதிலும், அந்தத் தாயின் சிவில் வழக்குக்குத்தான் பொன்னான சாட்சியம். ஒப்புக்கொண்டு அரைமணியில் முடித்திருந்தால் ஒருவேளை யாராவது அவருக்கு வழக்குப் போடச் சொல்லியிருப்பார்கள். அவர் என் கட்சிக்காரர் அல்ல. அது தொழில் ஒழுங்கின்படி சரியான பதில். வாங்கில் இருந்த மனுசியிடம் ஒரு தடவை போய், அம்மா, நீங்கள் வேறொரு சட்டத்தரணியைப் பாருங்கள், நாள் ஓடுகிறது என்று சொல்ல எந்த ஒழுங்கும் என்னைத் தடுத்திருக்கவில்லை.

ஒரு வழி முதலிலேயே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் யார் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. வேலையின்போது நடந்த விபத்து என்றால் போதும். யாரோ தாயிடம் அதைச் சொல்லியிருக்கிறார்கள். பெடியனுக்கு நாட்கூலி கொடுத்தவர் மாமன், ஆகவே கேட்க வேண்டியது மாமனிடம். "கூடப்பிறந்தவன்மேல வழக்கோ" என்று எழுந்து வந்துவிட்டாராம்.

வழக்கு காலத்துக்குள் போட்டிருந்தாலும் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொள்ளக் கணக்குப் பார்த்ததுண்டு. அந்த நாட்களில் எங்கள் சட்டம் பிரியானி சொய்சா எதிர் ஆர்சகுலரட்ன வழக்கின் நிழலில் இருந்தது. ஒரு குழந்தையின் சாவுக்கு வைத்தியரின் கவனயீனத்தைக் காரணம் காட்டித் தகப்பன் தொடுத்த வழக்கு; மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் கொடுத்தது, மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை 2½ இலட்சமாகக் குறைத்தது, உயர் நீதிமன்றம் 2001இல் அதையும் இல்லாமலாக்கியது. அந்தத் தீர்ப்பிலிருந்து எங்களுக்குக் கிடைத்த விதி, இந்த வகை வழக்கில் பண இழப்புக்குத்தான் ஈடு, பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஈடு இல்லை என்பது. ஆகவே திரியாய்த் தாய் மாதம் மகன் எவ்வளவு கொடுத்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும். அதை நான் அவரிடம் கேட்டுப் பார்த்தேன். "கணக்குப் பாத்தே பிள்ளை தந்தவன்? சட்டைப் பொக்கற்றுக்குள்ள கிடக்கும், நான் தோய்க்கேக்க எடுப்பன்." இதை எந்த நீதிமன்றத்தில் எந்தப் படிவத்தில் எழுதுவது?

அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், பிறர் பிழையால் ஒருவர் இறந்தால் அவருடைய நெருங்கிய உறவினர்கள் அன்பையும் துணையையும் இழந்ததற்காகவும் இழப்பீடு கேட்க வழி திறந்தது. வர்த்தமானியில் அதை வாசித்த அன்று எனக்கு முதலில் ஞாபகம் வந்தது புல்மோட்டை பஸ்தான்.

கம்பனி பிறகு ஒரு கடிதத்தோடு ஒரு தொகை அனுப்பியது. பொறுப்பு எதையும் ஏற்காமல், மனிதாபிமான அடிப்படையில், இறுதிக்கிரியைச் செலவுக்காக. இரண்டரை வருடத்துக்கு முந்திய இறுதிக்கிரியை. அண்ணன் திருப்பி அனுப்பச் சொன்னார், தங்கை வாங்கினார். வாங்கியதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

வழக்கு முடிந்தால் வழக்குப்பொருட்கள் உரியவரிடம் போக வேண்டும். கயிறு திரியாய்க்காரருக்கு, அவர் எடுக்க வரவில்லை. கொழுவி கம்பனிக்கு. ஒரு காலை வேறு அலுவலாக எழுதுவினைஞரின் மேசையடியில் நின்றபோது கம்பனியின் ஆள் ஒருவர் அதை எடுக்க வந்திருந்தார், சொத்துப் பட்டியலில் இருக்கிறதாம். தாய் ஒருமுறை அதைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறார் என்று எழுதுவினைஞர் சொன்னார், தீர்ப்பன்று. பாரமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். கம்பனி ஆள் கையெழுத்திட்ட பதிவேட்டை நான் தலைகீழாக வாசித்தேன். கொழுவி, சிவப்பு, ஒன்று. போல்ட், இரண்டு. பொருளின் நிலை என்ற நிரலில் "நன்று" என்று எழுதியிருந்தது.